ராத்தல் விலையில் நாலு ஏனம்

தராசில் கிலோ கல் வந்த புதிதில், தென்காசியில் ஒரு பாத்திரக் கடையில் நாலு பித்தளை ஏனங்களுக்கு அச்சாரம் கொடுத்தேன். கடைக்காரர் நாலாம் நாள் ஆளனுப்பி, வியாபாரம் இல்லை, அச்சாரத்தை வாங்கிக்கொள் என்றார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கொடியில் துணி காய்ந்தால் மழை வந்துவிடுமோ என்று பயம், குற்றாலத்தில் அது நியாயமான பயம்தான். மழை வராவிட்டால் துணி வெளுத்துப்போகுமோ என்று அதற்கும் பயம். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். கணக்கு என்றால், அடுத்தவர் போட்ட கணக்கை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால் ஒரு விலையை ஒரு தடவை கேட்டு என்னால் திருப்திப்பட முடியாது. கேட்பேன், கொஞ்சம் குறைக்கச் சொல்லுவேன், மறுபடி கேட்பேன். கடைக்காரர்கள் என்னைக் கண்டாலே உள்ளே வேலை இருக்கிற மாதிரி எழுந்து போவார்கள்.

என் வீட்டுக்காரர் அப்போது குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்குக் காவல். சொந்தக்காரர்கள் வருஷத்தில் பத்து நாள் வந்து இருப்பார்கள். மற்றபடி சீசனுக்கு வாடகைக்கு விடுவதும், வருகிறவர்களுக்கு வேண்டியதைப் பார்ப்பதும் இவர் பொறுப்பு. பின்கட்டில் எங்களுக்கு ஓர் அறையும் அடுப்படியும் உண்டு. சாரலுக்கு வருகிற குடும்பங்கள் அரிசி, பருப்பு, சமையலுக்குத் தவசிப்பிள்ளை எல்லாம் கூடவே கொண்டுவந்துவிடும். பெரிய ஏனங்களை மட்டும் ரயிலில் ஏற்ற முடியாது. வந்து இறங்கினதும் முதல் கேள்வி, "பெரிய தவலை கிடைக்குமா?" என்பதுதான். பக்கத்துப் பங்களாக்களில் ஏனம் வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். நாமும் கொடுத்தால் என்ன என்று எனக்கு ரெண்டு வருஷமாக ஆசை. கன்றுக்குட்டி விற்றது, மோர் விற்றது என்று எண்பது ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன்.

அந்த வருஷம் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. குடும்பத்தில் இருபத்திரண்டு பேர், ஒரு மாதம் தங்குகிறார்கள். சோறு வடிக்கப் பெரிய தவலை, குழம்புக்குச் சின்னத் தவலை, வாய் அகன்ற ஒரு சருவம், வெந்நீருக்கு ஓர் அண்டா, இந்த நாலும் உண்டு என்றால் வருகிறோம், இல்லையென்றால் வேறு பங்களா பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் துணிந்து, "உண்டுன்னு எழுதுங்க" என்றேன். எழுதிப் போட்டுவிட்டார். அடுத்த திங்கட்கிழமை வருகிறார்கள். ஏனம் இல்லாமல் அவர்கள் திரும்பிப் போனால் பங்களாக்காரர் இவரைத்தான் கேட்பார். இவருக்கு வேலை போனால் நாங்கள் இருக்கிற அறையும் போகும்.

எண்பது ரூபாய்க்குப் பெரிய தவலையும் சருவமும்தான் வரும் என்று எனக்குத் தெரியும். மற்ற ரெண்டை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, அச்சாரத்துக்கு இருபது ரூபாயை மடியில் முடிந்து, அதற்கு ஒரு வாரம் முந்தின திங்கட்கிழமை காலை பஸ்ஸில் தென்காசிக்குப் போனேன்.

கோயில் பக்கத்துத் தெருவில் அந்தக் கடை. எப்போதும் கல்லாவில் இருக்கிற அண்ணாச்சி அன்று இல்லை. ராயகிரியில் ஒரு பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போயிருந்தார். கல்லாவில் அவருடைய மாப்பிள்ளை. மகளைக் கட்டி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. திருவேங்கடம் பக்கம், பருத்தி போடுகிற குடும்பம். கடை வியாபாரம் அவருக்குப் புதுசு. வெள்ளைச் சட்டையும் கைக் கடிகாரமுமாக, பெண் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வாங்கக்கா, என்ன வேணும்?"

சொன்னேன். நாலையும் எடுத்துக் காட்டச் சொன்னேன், பார்ப்பதற்குக் காசா பணமா என்று. அவர் சலிக்காமல் ஒவ்வொன்றாக இறக்கி, தட்டிக் காட்டி, தராசில் வைத்தார். தராசுக்குப் பக்கத்தில் கல்லெல்லாம் புதுசு, இன்னும் கறுக்காத இரும்பு. சுவரில் ஒரு சிலேட்டுப் பலகை. அதில் சாக்கட்டியால் 'பித்தளை 3' என்று எழுதியிருந்தது. மூன்று ரூபாய் எதற்கு என்று அதில் இல்லை. பழைய எடையான ராத்தலுக்கு என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், எழுதுவானேன்?

மாப்பிள்ளை நிறுத்ததோ கிலோவில். நாலும் சேர்ந்து இருபத்தைந்து கிலோ வந்தது. சிலேட்டைப் பார்த்தார், சீட்டில் ஒவ்வொன்றுக்கும் விலை எழுதிக் கூட்டினார். "எழுபத்தஞ்சு ரூவாக்கா."

நாலுக்குமா என்று கேட்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். ரெண்டுக்கு எண்பது என்று நினைத்து வந்தவளுக்கு நாலுக்கு எழுபத்தைந்து! கிலோ வந்தால் விலையெல்லாம் இறங்கும் என்று ஊரில் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏறும் என்றும் சிலர் சொன்னார்கள். இறங்குமென்று சொன்னவர்கள்தான் சரி போல என்று நினைத்தேன். "சரியாப் பாத்தியளா தம்பி?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டேன்.

"கிலோக்கா. கெவர்மெண்டு கல்லு. குண்டுமணி கூடக் குறையாது."

ரெண்டாம் தடவை நான் கேட்கவில்லை. ஒரு ரூபாய் குறையுங்கள் என்றும் சொல்லவில்லை. இருபது ரூபாயை வெற்றிலையில் வைத்துக் கொடுத்து, சீட்டை வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வந்து பாக்கியைக் கொடுத்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

கடை வாசலில் பேர் வெட்டுகிற பெரியவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். வாங்கின ஏனத்தில் பேரோ எழுத்தோ வெட்டிக்கொள்வது எல்லோருக்கும் வழக்கம். எனக்கு வாடகைக்குப் போகிற ஏனம், மாறிவிடக்கூடாது என்று என் பேரின் முதல் எழுத்தையும் ஊர் எழுத்தையும் வெட்டச் சொன்னேன். எழுத்து தப்பாக விழுந்துவிடுமோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பெரிய தவலையிலும் சருவத்திலும் வெட்டி முடிப்பதற்குள் என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மற்ற ரெண்டையும் மறுநாள் வெட்டி வைப்பதாகச் சொன்னார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "நாலுமா?" என்றார். "நாலும்" என்றேன். "பாத்தியா, கிலோ வந்தா நல்லதுன்னு நான் சொன்னேம்லா" என்றார். அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

புதன்கிழமைதான் விஷயம் விளங்கியது. எங்கள் ஊர்ப் பலசரக்குக்காரர் அதுவரை பழைய ராத்தல் கல்லை மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார். சோதனைக்கு ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டு, அன்றுதான் அவரும் கிலோவுக்கு மாறினார். ஒரு கிலோ சீனி வாங்கி வந்து, எப்போதும் கொட்டுகிற டப்பாவில் கொட்டினேன். ஒரு ராத்தல் சரியாகப் பிடிக்கிற டப்பா. அது நிறைந்தது. பொட்டலத்தில் பாதிக்கு மேல் இன்னும் இருந்தது. அதே அளவில் வேறொரு டப்பா எடுத்தேன். அதுவும் நிறைந்து, பொட்டலத்தின் மூலையில் ஒரு கை மிச்சம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கிலோவுக்குள் ரெண்டு ராத்தலும் அதற்கு மேலும் இருக்கிறது. மாப்பிள்ளை கிலோவில் நிறுத்து ராத்தல் விலை போட்டிருக்கிறார். நூற்றைம்பதுக்கு மேல் வரவேண்டிய ஏனங்களை எழுபத்தைந்துக்கு எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"நீ எதுக்குக் கெடந்து சாகுத?" என்றார் இவர். "அவுக கடை, அவுக தராசு, அவுக சீட்டு. நீயா கொறச்சுப் போடச் சொன்ன?"

"தப்புன்னு தெரிஞ்ச பொறவு சும்மா இருக்கலாமா?"

"அப்பம் போயிச் சொல்லிட்டு வா."

"சொன்னா ஏனம் தருவாவளா?"

"தர மாட்டாவ."

"பொறவு திங்கக்கெழம?"

பஸ்ஸுக்குப் போகலாம் என்று ரெண்டு தடவை சேலை மாற்றினேன், ரெண்டு தடவையும் போகவில்லை. தெரியாமல் பேசின பேச்சு பேச்சுதானே என்று ஒரு மனசு. தெரிந்த பிறகும் பொத்தி வைத்தால் அது எடுத்த மாதிரிதானே என்று இன்னொரு மனசு. முதல் மனசு சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்தது.

வியாழக்கிழமை மத்தியானம் நான் பின்கட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். பேர் வெட்டுகிற பெரியவர் வந்து நின்றார். கையில் மடித்த ரூபாய் நோட்டு.

"தாயி, அண்ணாச்சி இதக் குடுத்துட்டு வரச் சொன்னாவ. தவலையில கீறல் இருக்காம். வேற சரக்கும் இப்பம் இல்லையாம். அச்சாரத்த வாங்கிக்கிடணுமாம்."

அண்ணாச்சி விசேஷத்திலிருந்து வந்துவிட்டார், சீட்டின் நகலைப் பார்த்துவிட்டார் என்று புரிந்தது. ஆனால் விலை தப்பு என்று ஏன் சொல்லவில்லை? எதற்குக் கீறல்?

"எந்தத் தவலையில கீறல்?"

"அது சொல்லல."

"பெரிய தவலையில நீங்கதான பேரு வெட்டுனிய. ஒங்களுக்குத் தெரியலையா?"

பெரியவர் சிரித்துவிட்டார். "கீறல் இருந்தா உளி பட்டதும் சத்தமே காட்டிக் குடுத்துருமே தாயி. எனக்கு எதுக்கு வம்பு? குடுத்துட்டு வரச் சொன்னாவ, வந்தேன். கைய நீட்டுங்க."

எங்கள் பக்கத்தில் கொடுத்த அச்சாரத்தைத் திருப்பிக் கையில் வாங்கிவிட்டால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்க உரிமை கிடையாது. வாங்காதவரை பேச்சு நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்காத இந்தச் சட்டம் எனக்கு நன்றாகவே தெரியும். "கையெல்லாம் மாவா இருக்கு" என்றேன்.

"கழுவிட்டு வாங்க, நிக்கேன்."

"இன்னும் ஒரு ஈடு அரைக்கணும்."

அவர் நின்றார். நான் ஆட்டினேன். உளுந்து எப்போதோ பதமாகிவிட்டது, அதையே திரும்பத் திரும்ப ஆட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். மோர் இருக்கிறது, எடுத்துக் குடியுங்கள் என்றேன். குடித்தார். "பஸ்ஸு போயிரும் தாயி."

"போயிட்டு வாங்க."

"அப்பம் இது?"

"நாளைக்கி நானே கடைக்கி வாரேன்னு சொல்லுங்க."

அவர் நோட்டைத் திரும்ப மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கோபமில்லை. போகும்போது, "பேர ராவி எடுக்கச் சொன்னாவ. நான் மாட்டேன்னுட்டேன்" என்றார். "ராவுன எடம் பள்ளமா நிக்கும். பேரு அழிச்ச ஏனத்த எவன் வாங்குவான்? திருட்டுச் சாமான்னுல்லா நெனைப்பான். மத்த ரெண்டுலயும் வெட்டல. செவ்வாக்கெழம எனக்குக் காச்சல்."

வெள்ளிக்கிழமை இவர் கூட வருகிறேன் என்றார். பங்களாவுக்கு வெள்ளையடிக்கிற ஆட்கள் வந்திருந்ததால் நான் தனியாகவே போனேன். சீட்டும் அறுபது ரூபாயும் மடியில். பஸ்ஸில் வழியெல்லாம், என்ன கேட்பது, அதற்கு அவர் என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வது என்று மனசுக்குள் பேசிப் பேசிப் பார்த்தேன். மனசுக்குள் பேசினபோதெல்லாம் அண்ணாச்சிதான் ஜெயித்தார்.

அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். நல்ல உயரம், மெதுவான பேச்சு. மாப்பிள்ளை அவருக்குப் பக்கத்தில் அதே வெள்ளைச் சட்டையில். கடையில் இன்னும் நாலைந்து பேர் சாமான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வா தாயி. ஆளனுப்புனேன, சொல்லலையா?"

"சொன்னாவ. கீறல் எங்க இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணாச்சி."

"பழுது சாமான ஒங்கிட்ட வித்துட்டு நாளைக்கி நீ வந்து நிக்கவா? நம்ம கடைக்கி அது வழக்கம் இல்ல. அச்சாரத்த வாங்கிக்கோ."

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "கீறலா? நான் ஒண்ணொண்ணாத் தட்டிப் பாத்துத்தான மாமா எடுத்தேன்."

"கண்ணுக்குத் தெரியாத கீறல் மாப்ள. நீங்க உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. தன் மேல் விழுந்த பழியைத் துடைக்கிற வேகத்தில் எழுந்துபோய், பெரிய தவலையைத் தூக்கிவந்து வாசலில் வைத்து, குடத்துத் தண்ணீரை ஊற்றினார். ஒரு குடம், ரெண்டு குடம், மூன்று குடம். சாமான் பார்க்க வந்தவர்களும் சுற்றி நின்றுகொண்டார்கள். பேர் வெட்டுகிற பெரியவர் உளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். தவலைக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பாருங்க மாமா!" என்றார் மாப்பிள்ளை, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில்.

"என்ன அண்ணாச்சி, தண்ணி ஒழுகலையே. அம்மாவுக்குக் குடுத்துர வேண்டியதுதான?" என்றார் சாமான் பார்க்க வந்த ஒருவர்.

அண்ணாச்சி மாப்பிள்ளையைப் பார்த்தார், தவலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தாயி, ஒரு நிமிசம் உள்ள வா. வேற ஏனம் காட்டுதேன்" என்றார்.

பின்னால் சரக்கு அறை. வைக்கோல் சுற்றின குடங்கள் கூரை வரைக்கும். அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒனக்குத் தெரியும்லா?"

நான் பக்கத்துக் குடத்து வைக்கோலைப் பிய்த்தேன்.

"கிலோ நிறுத்து ராத்தல் வெலை போட்டிருக்காரு. சிலேட்ட மாத்தாமப் போனது எந் தப்பு. எனக்கு மனசுல கணக்கு ஓடும், யாரு எழுதுதது? ஆனா இத வெளிய வச்சு என் வாயால எப்பிடி தாயி சொல்லுவேன்? கட்டி நாலு மாசம். கடையில உக்காருதேன்னு அவராத்தான் ஆசப்பட்டு வந்தாரு. நாலு பேரு முன்னால ஒமக்குக் கணக்குத் தெரியலன்னு சொன்னா நாளைக்கே திருவேங்கடத்துக்குப் பஸ்ஸு ஏறிருவாரு. எம் மக என்ன பண்ணுவா?"

அதனால்தான் கீறல். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, ஒரு பக்கம் பாவமாக இருந்தது. கூடவே ஒன்று புரிந்தது. நான் வெளியே போய், "விலையில என்ன தப்பு, சொல்லுங்க அண்ணாச்சி" என்று சத்தமாக ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவர் பேசாமல் நாலையும் எழுபத்தைந்துக்கே தூக்கிக் கொடுத்துவிடுவார். நாலு ஏனமும் என் நாக்கு நுனியில் இருந்தன.

"சீட்டு ஒங்க கடைச் சீட்டுதான அண்ணாச்சி?" என்றேன். "நான் அதிகமாக் குடுத்திருந்தா ஆளனுப்பித் திருப்பிக் குடுத்திருப்பியளா? அணா போயி நயா பைசா வந்தப்பம் அரையும் காலும் எல்லாக் கடைக்காரவளும் ஒங்க பக்கமாத்தான ஒதுக்குனிய? ஒருத்தராவது வீடு தேடி வந்து குடுத்தாவளா?"

"வாஸ்தவம்" என்றார். அவர் அப்படி ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணு கேக்கட்டுமா தாயி? பத்து வருசமா எங்கடைக்கி வார. ஒரு கரண்டி வாங்குனாலும் கால் மணி நேரம் பேரம் பேசுவ. என்னையே உள்ள ஓட வச்சவ நீ. அன்னைக்கி நாலு ஏனத்துக்குப் பேரமே பேசலையாமே. மாப்ள பெருமையாச் சொன்னாரு, மாமா, அந்த அக்கா மறுபேச்சுப் பேசலன்னு. ஏன் பேசல?"

இந்தக் கேள்வி மட்டும் பஸ்ஸில் வரும்போது என் மனசுக்கு வரவே இல்லை.

"அன்னைக்கி எனக்குத் தெரியாது அண்ணாச்சி. சத்தியமா. வெல கொறச்சலா இருக்கேன்னு மட்டும் தோணுச்சு. கேட்டா மாறிருமோன்னு கேக்கல." கொஞ்சம் நிறுத்தி, "புதங்கெழமதான் தெரிஞ்சுது" என்றேன்.

"புதங்கெழம தெரிஞ்சா வந்து சொல்லலாம்லா?"

"நீங்க கீறல்னு சொல்லியனுப்பாம, தப்பு நடந்துபோச்சு தாயின்னு சொல்லியனுப்பிருக்கலாம்லா?"

வெளியே மாப்பிள்ளை தவலைத் தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

மதுரைக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன், திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னேன். "பேரு வெட்டுன ரெண்டும் எனக்குள்ளது. அத நீங்க யாருக்கும் விக்கவும் முடியாது. அது சீட்டு வெலைக்கி எனக்கு வேணும். வெட்டாததுக்கு நான் சண்ட போடல. என்ன வெலையோ அத சொல்லுங்க."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. அந்த இடத்தில் வாயில் வந்தது. ஏன் அப்படிப் பங்கு பிரித்தேன் என்று பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நாலையும் விட்டுக்கொடுத்தால் அது நியாயமில்லை. அவருடைய கடை செய்த தப்புக்கு அவரும் கொஞ்சம் அழ வேண்டும். நாலையும் எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சோறு இறங்காது. என் எழுத்து விழுந்தது வரைக்கும் என்னுடையது என்று நிற்பது சரியாக இருந்தது. நியாயமாக இருந்ததோ இல்லையோ, மனசு நின்றது.

அண்ணாச்சி விரலை மடக்கி ஏதோ பார்த்தார். "சரி. அந்த ரெண்டும் ஓஞ் சீட்டு வெலைக்கே எடுத்துக்கோ. சின்னத் தவலை சரியான கிலோ வெலை. முப்பத்திமூணு ரூவா."

"இருபத்தஞ்சு" என்றேன்.

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். "ஆங், இப்பம்தான் தாயி நீ வந்திருக்க!"

சின்னத் தவலை முப்பது ரூபாய்க்கு முடிந்தது. அண்டாவுக்குக் கையில் காசில்லை. கடனாக எடுத்துப் போ என்றார். கடன் என்றால் எனக்கு இன்னும் பயம், வேண்டாம் என்றேன்.

வெளியே வந்ததும், "அம்மாவுக்கு மூணு போதுமாம் மாப்ள. அண்டாவ உள்ள வைங்க" என்றார் அண்ணாச்சி. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

மாப்பிள்ளை மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டினார். அண்ணாச்சி சிலேட்டை இறக்கி ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டி முடித்து என் பக்கம் குனிந்த மாப்பிள்ளை, "அக்கா, அன்னைக்கி நான் எழுதுன சீட்டு இருக்கா?" என்றார் மெதுவாக. மாமனாருக்குக் கேட்காத குரல். முகத்தைப் பார்த்தேன். தன் தப்பு அவருக்கு எப்போது தெரிந்தது என்று தெரியவில்லை, தண்ணீர் ஊற்றும்போதா, சிலேட்டைத் துடைக்கும்போதா. மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கட்டைத் தானே பஸ் வரைக்கும் தூக்கிவந்து மேலே ஏற்றிவிட்டார். ஏனக் கட்டுக்கு லக்கேஜ் போட வேண்டும் என்ற கண்டக்டரிடம், "சரியான எடை போட்டு வாங்கும்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை ஏனங்களுக்கு ஈயம் பூசி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அண்டாவுக்கு அலைந்தேன். சீசன் தொடங்குகிற நேரம், யாரிடமும் சும்மா கிடக்கிற அண்டா இல்லை. உண்டு என்று கார்டு போடச் சொன்னது நான்தான். மூன்றுதான் இருக்கிறது என்றால் அந்த நிமிஷமே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாலும் போவார்கள்.

திங்கட்கிழமை சாரலோடு வந்து இறங்கினார்கள். தவசிப்பிள்ளை முதலில் பின்கட்டுக்குத்தான் வந்தார். மூன்று ஏனங்களையும் புரட்டிப் பார்த்தார், ஈயத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அண்டா எங்கம்மா?" என்றார். அண்டா கிடைக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். எழுதினது தப்புதான், வெந்நீரைப் பெரிய தவலையில் ரெண்டு தடவையாகப் போட்டுக் கொடுக்கிறேன், நானே போட்டுக் கொடுக்கிறேன், விறகும் நானே வாங்குகிறேன் என்றேன். அவர் உள்ளே போய் அந்த வீட்டுப் பெரியம்மாவைக் கூட்டிவந்தார். வெந்நீர் கேட்டதே அந்த அம்மாதானாம், மூட்டு வலிக்கு.

அந்த அம்மா நான் சொன்னதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. பின்கட்டிலிருந்து பார்த்தால் அருவி கொஞ்சம் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு தண்ணி விழுதா?" என்றார். பிறகு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை அதட்டிக்கொண்டு, முதல் ஆளாக அருவிக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த மாதம் முழுக்க ஒருவரும் வெந்நீர் கேட்கவில்லை.